அடியில் ஒரு முக்கோணம்

“அப்பா, அந்தப் பல் செட்டைக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க.”

“எதுக்குடா?”

“அடியில நம்பர் போட்டிருக்கான்னு பாக்கணும்.”

அப்பா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். வாழ்நாள் முழுக்கப் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, “உள்ள போ, உள்ள போ” என்று கத்தியே பாதிப் பல்லைத் தொலைத்தவர் அவர். மீதியைப் பல் டாக்டர் பிடுங்கினார். கட்டின பல்லையும் பெற்ற பிள்ளை பிடுங்க வருவான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

“தானம் குடுத்த மாட்டைத்தான்டா பல்லைப் புடிச்சுப் பாப்பாங்க. பெத்த அப்பனையுமா?”

பிள்ளை அதைக் காதில் வாங்கவில்லை. சமையலறைத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, வலது கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, ஓர் ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்து ஆராய்ந்துகொண்டிருந்தான். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். தெருவே அவனை லென்ஸ் என்றுதான் கூப்பிடும். அப்பாவுக்கே கோபம் வந்தால்தான் அவனுடைய சொந்தப் பெயர் ஞாபகத்துக்கு வரும்.

விஷயம் முந்தின நாள் சாயங்காலம் ஆரம்பித்தது.

அப்பாவின் முழங்கால் வலிக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தாள். அப்பாவின் காலை அவள் மடக்கி நீட்டினாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளையின் மனசு தானாகவே மடங்கிவிட்டது. கால் சரியாகிப் பல மாதம் ஆகியும் அப்பா “இன்னும் லேசா வலிக்குதும்மா” என்று சொல்லி அவளை வரவழைத்துக்கொண்டிருந்தார். அந்த அளவுக்குப் பிள்ளை மேல் பாசம்.

கடைசியில் பிள்ளையும் அவளும் கல்யாணம் செய்துகொள்வதென்று பேசி முடித்தார்கள். அவள் அம்மாவின் சம்மதம் மட்டும்தான் பாக்கி.

“ஞாயித்துக்கிழமை அம்மா உங்க வீட்டைப் பாக்க வர்றாங்க” என்றாள் அவள், வாசலில் செருப்பை மாட்டியபடி. “ஒரே ஒரு விஷயம். அம்மாவுக்குப் பிளாஸ்டிக்னா ஆகவே ஆகாது.”

“ஆகாதுன்னா?”

“எந்த டப்பாவா இருந்தாலும் கவுத்து, எந்த வகைப் பிளாஸ்டிக்னு அடியில முக்கோணத்துக்குள்ள போட்டிருக்கிற நம்பரைப் பாப்பாங்க. மூணு, ஆறு, ஏழு இருந்தா அவ்வளவுதான். எந்திரிச்சுப் போயிடுவாங்க.”

“போயிட்டா?”

“அவங்க சரின்னு சொல்லாம நான் எப்படி…” என்று இழுத்துவிட்டு அவள் போய்விட்டாள்.

அவளை லென்ஸுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. அவள் வராத நாட்களில் கடையில் கண் பரிசோதனைப் பலகையில் இருக்கிற பெரிய எழுத்தே அவனுக்குச் சரியாகத் தெரியாது.

ஆனால் அந்த வீடு!

அந்த வீட்டுக்குள் வந்த டப்பா எதுவும் வெளியே போனதாகச் சரித்திரமில்லை. ஐஸ்கிரீம் வந்த டப்பா, ஓட்டலிலிருந்து சாப்பாடு வந்த டப்பா, மருந்து வந்த டப்பா, யார் வீட்டிலிருந்தோ இரவல் வந்து திரும்பாத டப்பா. எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்து அடுக்கி வைக்கிறவன் லென்ஸ்தான். “இது உதவும்” என்பான். எதற்கு என்று கேட்டால், “எதுக்காவது” என்பான். கண்ணாடிச் சட்டத்தின் குட்டி ஸ்க்ரூ ஒரு டப்பாவில், உடைந்த காதுக்கம்பி ஒரு டப்பாவில். மத்தியானச் சாப்பாடும் அப்படித்தான் கடைக்குப் போகும். மஞ்சள் ஏறி, நெளிந்து, கீறல் விழுந்த ஒரு கிழட்டு டப்பா. அதை அப்படியே மைக்ரோவேவில் வைத்துச் சுடவைத்துச் சாப்பிடுவான்.

அப்பா எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டார். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அப்படிப்பட்டவன், அவள் போன மறு நிமிஷமே சமையலறை அலமாரியைத் திறந்து நின்றான். அப்பா விசிலடித்துக்கொண்டே ஒரு பெரிய சாக்கைக் கொண்டுவந்து விரித்துப் பிடித்தார்.

“போடுறா, போடு. நல்ல காரியத்தைத் தள்ளிப் போடக் கூடாது.”

பிள்ளை தன் டப்பாக்களோடு நிறுத்தியிருந்தால் அந்தச் சந்தோஷம் நீடித்திருக்கும். அவன் அப்பாவுடைய டீ மக்கைக் கவிழ்த்தான். ஏழு. சாக்குக்குள் போயிற்று.

“டேய், அது நான் வேலையில இருந்து நின்னப்போ டிரைவருங்க எல்லாம் சேர்ந்து குடுத்ததுடா!”

“ஏழுப்பா.”

அப்பாவின் சீப்பில் நம்பரே இல்லை. “நம்பர் இல்லேன்னா அது இன்னும் சந்தேகம்” என்று அதுவும் போயிற்று. ரேடியோவைக் கவிழ்த்தபோது அப்பா அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மறுநாள் காலையில் பல் செட்டிலும் கண் விழுந்தது. அந்தக் கட்டத்தில்தான் நாம் உள்ளே வந்தோம்.

சாக்கு நிறைந்ததும் அதை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. தூக்கிப் போட இன்னமும் லென்ஸுக்கு மனசு வரவில்லை. கீழ்வீட்டில் ஒரு தையல்காரம்மா இருந்தார். அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான்.

“எதுக்குத் தம்பி இதெல்லாம்?”

“எங்களுக்கு வேணாம்மா. மூணு, ஆறு, ஏழு நம்பரு. சாப்பாட்டுக்கு நல்லதில்லையாம்.”

“நல்லதில்லேன்னு எனக்குக் குடுக்கிறீங்களா? நான் போய்ச் சேந்தாப் பரவாயில்லையா?”

“ஐயோ, இல்லம்மா! சூடா எதையும் வைக்காம இருந்தாச் சரி. நீங்க பட்டன், நூல்கண்டு போட்டு வச்சுக்கலாமேன்னு…”

தையல்காரம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். கதவு சாத்திக்கொண்டது. விட்டது தொல்லை என்று லென்ஸ் படியேறினான்.

தொல்லை சாயங்காலம் அவன் பின்னாலேயே படியேறி வந்தது. தையல்காரம்மா அந்தச் சாக்கையும், கூடவே இன்னொரு சாக்கையும் இழுத்துக்கொண்டு வந்து நின்றார்.

“நானும் என் வீட்டுல இருக்கிறத எல்லாம் கவுத்துப் பாத்துட்டேன் தம்பி. இந்தாங்க, என்னோட ஆறும் ஏழும்.”

“இத எதுக்கும்மா எங்கிட்ட…”

“நீங்கதானே இதெல்லாம் சேக்கிறவரு?”

சேக்கிறவர் என்ற பெயர் அவனுக்கு அந்தக் கட்டடத்தில் ஏற்கெனவே இருந்தது. இப்போது அது பரவிவிட்டது. ஆகாத டப்பாவை எல்லாம் லென்ஸ் வாங்கிக்கொள்கிறாராம் என்று மாடிக்கு மாடி செய்தி போனது. வெள்ளிக்கிழமை காலை அப்பா பால் வாங்கப் போகலாமென்று கதவைத் தள்ளினால் கதவு திறக்கவில்லை. வெளியே மூட்டை மூட்டையாக டப்பாக்கள் கதவைத் தாங்கிக்கொண்டிருந்தன. ஒரு மூட்டையில் யாரோ “மிக்க நன்றி” என்று வேறு எழுதி ஒட்டியிருந்தார்கள்.

குப்பை வண்டிக்காரர் மூட்டைகளை எட்டிப் பார்த்தார். “ஒண்ணு, ரெண்டு, அஞ்சு எடுத்துப்போம் சார். மத்தது எங்க வண்டியில ஏத்தக் கூடாதுன்னு உத்தரவு” என்று கிளம்பிவிட்டார்.

“அப்ப இதையெல்லாம் என்னப்பா பண்றது?” என்றான் லென்ஸ், வண்டி போன திசையைப் பார்த்து.

“வாங்குறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்விடா அது” என்றார் அப்பா.

மூட்டைகள் ஒரு பக்கம் இருக்கட்டும். பாத்திரமே இல்லாத வீட்டுக்குப் பெண்ணின் அம்மா வந்தால் எதில் தண்ணீர் கொடுப்பது? லென்ஸ் கடையைப் பாதி நாளில் சாத்திவிட்டு, இயற்கைப் பொருள் அங்காடி ஒன்றுக்குப் போனான். அங்கே எல்லாமே பச்சையாகவும் பழுப்பாகவும் இருந்தன. விற்கிற பெண்ணின் குரல்கூட மெதுவாக, மண்ணில் மக்கிப்போகிற மாதிரி இருந்தது. மூங்கில் குவளை, எவர்சில்வர் டப்பா, கண்ணாடி ஜாடி, மக்கும் பை என்று கண்ணில் பட்டதை எல்லாம் எடுத்தான். வீட்டுக்கே அனுப்பி வைப்பதாகச் சொன்னார்கள்.

அனுப்பியும் வைத்தார்கள். சனிக்கிழமை காலை வந்த பெட்டியை லென்ஸ் பிரித்தான். ஒவ்வோர் எவர்சில்வர் டப்பாவும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறைக்குள். ஒவ்வொரு கண்ணாடி ஜாடிக்கும் குமிழி குமிழியாகப் பிளாஸ்டிக் போர்வை. போர்வைக்கு மேலே பிளாஸ்டிக் டேப். வீட்டில் இருந்ததைவிட வந்தது அதிகம்.

அப்பா ஒரு போர்வையை மடியில் போட்டுக்கொண்டு குமிழிகளைப் பட்பட்டென்று உடைக்க ஆரம்பித்தார்.

“அப்பா, என் உயிரே போகுது, உங்களுக்கு விளையாட்டா?”

“எனக்கும் இந்த ரெண்டு நாளா வேற என்ன சந்தோஷம் இருக்கு, சொல்லு.”

மூங்கில் குவளையில் டீ போட்டு அப்பா கையில் கொடுத்தான். பிறகு வழக்கப்படி தன்னுடையதைக் கவிழ்த்து அடியைப் பார்த்தான். உள்ளே டீ இருந்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. சுட்ட காலை ஊதிக்கொண்டே பூதக்கண்ணாடியை எடுத்தான். எறும்பு சைஸ் எழுத்தில் இருந்தது: மூங்கில் தூள், மெலமைன் பிசின், கொதிக்கும் பானங்கள் ஊற்ற வேண்டாம்.

“அப்ப இதுவும் பிளாஸ்டிக்தான்! குடிக்காதீங்க!”

“முழுங்கிட்டேனேடா.”

மக்கும் பையிலும் எறும்பு எழுத்து இருந்தது. ஆலையில், தகுந்த சூட்டில் வைத்தால்தான் அது மக்குமாம். வீட்டுத் தொட்டியில் போட்டால் லென்ஸுக்குப் பேரன் பிறந்த பிறகும் அப்படியே இருக்கும் போலிருந்தது. சின்ன எழுத்தைப் படிக்காமல் எதையும் வாங்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் கண்ணாடி விற்றவன், அங்காடியில் ஒரு சின்ன எழுத்தையும் படிக்கவில்லை. ஊருக்கு உபதேசம் சுலபம்.

எவர்சில்வர் டப்பாவில் அந்தக் குற்றம் ஒன்றும் இல்லை. நல்ல டப்பாதான். ஆனால் எல்லாம் ஒரே மாதிரி பளபளத்தன. உள்ளே இருப்பது தெரியவில்லை. அப்பா அடுத்த டீயில் சர்க்கரை என்று உப்பைப் போட்டுக் குடித்து, பிள்ளை வருத்தப்படக் கூடாதென்று ஒன்றும் சொல்லாமல் குளியலறைப் பக்கம் போனார். ஸ்டிக்கர் ஒட்டலாம் என்றால் அந்த ஸ்டிக்கரும் பிளாஸ்டிக். கண்ணாடி ஜாடிகளை அப்பா கழுவினார். சோப்புக் கையில் அவை நழுவிய வேகத்தில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது.

மத்தியானம் அப்பா பிள்ளையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, தாடையைத் தடவிக்கொண்டார்.

“டேய், ஒண்ணு சொல்றேன் கேளு. நீ அந்தக் கிழட்டுச் சாப்பாட்டு டப்பாவத் தூக்கிப் போட்டல்ல? அது போதும். நல்லா இருக்கிறத எடுத்து வச்சுக்கோ. அந்தம்மா இவ்வளவெல்லாம் பாக்க மாட்டாங்க.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அப்பா கொஞ்சம் தடுமாறினார். “பஸ்ல எத்தனை ஜனத்தைப் பாத்திருக்கேன்.”

“உங்க பஸ்ல ஏறினவங்க யாராவது டிக்கெட்டைக் கவுத்துப் பாத்தாங்களா? சும்மா இருங்கப்பா. நாளைக்கு அந்தம்மா எந்திரிச்சுப் போனா நான் என்ன ஆவேன்?”

அப்பா எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் குமிழிகூட உடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது வாசல் மூட்டைகள், வீட்டுச் சாக்கு, குமிழிப் போர்வை எல்லாவற்றையும் எங்காவது ஒளித்தாக வேண்டியிருந்தது. கூடத்தில் துணி அலமாரி ஒன்று இருந்தது. துணிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, டப்பாக்களை அலமாரிக்குள் ஏற்றினார்கள். கண்டக்டருக்குப் பழைய ரத்தம் துடித்தது.

“முன்னாடி நகரு, முன்னாடி நகரு! உள்ள எடம் இருக்கு!” என்று டப்பாக்களை அதட்டி, தோளால் ஒரு தள்ளுத் தள்ளி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். “ரைட்!”

சொன்ன நேரத்துக்குப் பெண்ணின் அம்மா வந்தார். கூடவே அவருடைய தம்பி, பெண்ணுக்குத் தாய்மாமா. பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. முடித்துவிட்டு வருவாள் என்றார்கள்.

“வாங்க, வாங்க சம்பந்தியம்மா” என்றார் அப்பா. லென்ஸ் அவர் முதுகில் கிள்ளினான்.

அம்மா நல்ல வெளுத்த உடையில், சிரித்த முகமாக இருந்தார். அந்தச் சிரிப்பை லென்ஸ் நம்பவில்லை. மிஞ்சிய ஒரு ஜாடியில் அவருக்குத் தண்ணீர் கொடுத்தான். மாமாவுக்குக் குழம்புக் கரண்டி வைக்கிற பெரிய கிண்ணத்தில் கொடுக்க, அவர் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார்.

“வீடு ஏன் இப்படிக் காலியா இருக்கு? புதுசாக் குடி வந்திருக்கீங்களா?” என்றார் அம்மா.

லென்ஸ் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான். “எங்க வீட்டுல அந்த மாதிரிச் சாமான் எதுவும் கிடையாதும்மா” என்றான், குரலைத் தாழ்த்தி.

“எந்த மாதிரி?”

“உங்களுக்கே தெரியும்.”

அம்மா தம்பியைப் பார்த்தார். தம்பி கிண்ணத்துக்குள் பார்த்தார். பிறகு அம்மா தன் பையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தார். பிளாஸ்டிக் டப்பா. நீல மூடி. உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு கேக்.

“நேத்தே உக்காந்து நானே பண்ணினேன். சாப்பிட்டுப் பாருங்க தம்பி” என்று பிரியமாக மூடியைத் திறந்து நீட்டினார்.

சோதனை வந்துவிட்டது என்று லென்ஸுக்குப் புரிந்தது. ஒளித்த இடத்தில் தேடாமல் கையிலேயே கொடுத்துப் பார்க்கிறார்கள். இதில் ஏமாறக் கூடாது. டப்பாவை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கினான். கண்ணை இடுக்கினான். அப்படியே கவிழ்த்தான்.

“அஞ்சு!” என்று கூவினான் வெற்றியோடு. “அஞ்சும்மா! நல்ல நம்பரு!”

கேக் முழுசாக அம்மாவின் மடியில் இருந்தது.

அப்பாதான் முதலில் விழித்துக்கொண்டார். “இருங்க, இருங்க, துணி எடுத்துட்டு வர்றேன்” என்று ஓடி, பழக்க தோஷத்தில், துணி அலமாரியின் தாழ்ப்பாளை இழுத்தார்.

அந்தக் கட்டடத்து ஜனங்கள் அத்தனை பேருடைய டப்பாக்களும் தடதடவென்று இறங்கின. அப்பாவை முழங்கால் வரை மூடின. சோபாவைச் சுற்றிக்கொண்டன. ஓர் ஐஸ்கிரீம் டப்பா மட்டும் உருண்டு உருண்டு வந்து அம்மாவின் காலடியில் நின்றது. லென்ஸின் கை அவனைக் கேட்காமலே கீழே போய் அதைத் திருப்பியது.

“ஆறு” என்றான், ஈனக்குரலில்.

அம்மா எழுந்தார். கிரீம் சொட்டச் சொட்ட நின்று, “எந்திரிடா, போகலாம்” என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். போனில் மகளைக் கூப்பிட்டுப் படிப்படியாகத் திட்டிக்கொண்டே போவது மேலே வரை கேட்டது. “என்ன மனுஷன்டி இவன்! கையில குடுத்த கேக்கைத் தலைகீழாக் கவுத்துட்டு நம்பர் சொல்றான்!”

லென்ஸ் டப்பாக்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டான். அவர் எழுந்து போய்விட்டார். எது நடக்கக் கூடாதென்று நாலு நாளாகத் தூங்காமல் கிடந்தானோ, அது நடந்தேவிட்டது. அவள் இனி வரமாட்டாள். அப்பாவின் கால் வலி இனி யாராலும் தீராது. கண் கலங்கியது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

அப்பா டப்பாக்களை விலக்கிக்கொண்டு வந்து அவன் தோளைத் தொட்டார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

“எல்லாம் என்னாலதான்டா.”

“நீங்க என்னப்பா பண்ணுவீங்க? துணி எடுக்கத்தானே ஓடுனீங்க.”

“அதில்லடா…”

அதற்குள் படியில் காலடிச் சத்தம் கேட்டது. தாய்மாமா மூச்சிரைக்க மேலே வந்து வாசலில் நின்றார். வாயைக் கைக்குட்டையால் மூடியிருந்தார், தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சட்டென்று பிடிபடவில்லை.

“எங்க பொண்ணு போன்ல எல்லாத்தையும் ஒத்துக்கிச்சு தம்பி, அக்காவுக்கு உங்க மேல கோவமே இல்ல, கல்யாணத்துக்கும் சரின்னுட்டாங்க, ஆனா ‘நெளிஞ்ச டப்பாவுல சுடவச்சுத் திங்கிறான், நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கிறான், உங்கம்மாவுக்குப் பிளாஸ்டிக்னா ஆகாதுன்னு ஒரு பொய் சொல்லும்மா’ன்னு பொண்ணு கையைப் புடிச்சுக் கெஞ்சின ஆளை மட்டும் உடனே கீழ வரச் சொல்றாங்க.”